இரண்டாவது சத்தம்

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு வெடி வாங்குவதில்லை. மதுரை வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் அன்று பொழுது விடியும் முன்பே சரவெடி தொடங்கிவிடும். எல்லா வாசலிலும் சிவப்புக் காகிதம் குவிந்து கிடக்கும். எங்கள் வாசல் மட்டும் கோலம் கலையாமல் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் எங்களைக் கஞ்சர்கள் என்று நினைத்தார்கள். பிறகு, வீட்டில் இதய நோயாளி யாரோ இருக்கிறார்கள் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு, தங்கள் வெடிகளையும் கொஞ்சம் தள்ளி வைத்து வெடித்தார்கள். அப்படி யாரும் எங்கள் வீட்டில் இல்லை. காரணம் என் அக்கா.

அக்கா ஓட்டக்காரி. நூறு மீட்டரும் இருநூறு மீட்டரும் அவளுடைய பந்தயங்கள். நான் பத்திரம் எழுதுகிறவன். ஒத்தக்கடையில், புதிது புதிதாக வீட்டுமனைகள் கைமாறும் அந்தச் சாலையோரத்தில்தான் என் மேசை. தேதி பிசகினால் என் தொழிலே இல்லை. அந்தப் பழக்கத்தால் அக்காவின் பந்தயங்களையும் மாதமும் கிழமையுமாகவே நினைவில் வைத்திருக்கிறேன். அவளுக்கே மறந்துபோனவற்றை நான் சொல்வேன். "உன்கிட்டக் கேட்டாத்தான்டா நான் ஓடுனேனா இல்லையான்னே தெரியுது" என்பாள்.

அவள் ஓடக் கற்றது வைகை மணலில். அவளுடைய பள்ளிக்குச் சொந்த மைதானம் கிடையாது. விளையாட்டு ஆசிரியர் பிள்ளைகளை ஆற்றுக்குள் இறக்கி ஓடவிடுவார். தொடக்கத் துப்பாக்கி வாங்கும் வசதியெல்லாம் அந்தப் பள்ளிக்கு இல்லை. விசில் ஊதினால், ஊதுவதற்கு முன்பு அவருடைய கன்னம் உப்புவதைப் பார்த்தே பிள்ளைகள் ஓடிவிடுகிறார்கள் என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தீபாவளி கழிந்ததும் மிச்ச ஓலை வெடிகளைக் கடைகளில் மலிவாக வாங்கி வைத்துக்கொள்வார். பிள்ளைகள் குனிந்து தயாரானதும், அவர்களுக்குப் பின்னால், ஊதுபத்தியால் ஒன்றைப் பற்ற வைப்பார். திரி எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. "வெடிச்சா ஓடு, வெடிக்காட்டி நில்லு." அவ்வளவுதான் பாடம். வெடி புஸ்ஸாகிப் போனால் எல்லோரும் அப்படியே மணலில் விழுந்து சிரிப்பார்களாம்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் அப்படித்தான் ஓடினாள். மார்கழிக் குளிரிலும் சித்திரை வெயிலிலும் அவளுடைய உடம்பு அந்தச் சத்தத்தைத்தான் எதிர்பார்த்துக் குனிந்திருந்தது. மாவட்டப் போட்டிகளில் மற்றவர்கள் இடுப்பை நிமிர்த்துவதற்குள் அவள் நாலடி முன்னால் இருப்பாள். பார்க்க வருகிறவர்கள் அந்தத் தொடக்கத்துக்காகவே வருவார்கள். ஓட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், தொடக்கம் மட்டும் அவளுடையது என்று எனக்குத் தோன்றும்.

அந்த நாட்களில் எங்கள் பீரோவின் பக்கவாட்டில் ஒரு படம் ஒட்டியிருந்தது. செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்திலிருந்து அக்கா வெட்டி எடுத்தது. கரீபியன் தீவு ஒன்றின் ஓட்டக்காரி, கோட்டில் குனிந்து, விரல்நகங்களுக்குப் பளீரென்று சாயம் பூசி, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அவர்களைப் பற்றிப் படிப்பதில் தனி ஆர்வம். வரைபடத்தில் மிளகளவு இருக்கும் தீவுகள். அங்கே பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துக்கு ஊரே திரண்டு வருகிறது. பிள்ளைகள் புல்தரையில் ஓடிப் பழகுகிறார்கள். படித்ததை அக்காவிடம் சொல்வேன்.

"அவுங்களுக்குப் புல்லு, நமக்கு மணலு. ரெண்டும் செருப்பில்லாம ஓடுறதுதான்" என்பாள்.

மாநிலப் போட்டி எங்கள் ஊரிலேயே நடந்த ஆண்டுதான் அவளுக்கு முக்கியமான ஆண்டு. நூறு மீட்டரில் முதல் இரண்டு பேர் தேசியப் போட்டிக்குப் போவார்கள். அங்கே தேறினால் பயிற்சி முகாம், அதற்கு மேல் என்னவெல்லாமோ. ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. நானும் அம்மாவும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அம்மா கோயிலில் இருந்து வாங்கி வந்த குங்குமத்தைத் தாளில் மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள்.

மைதானத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு சாலை போகிறது. அது மயானத்துக்குப் போகும் வழி. மதுரையில் சாவு ஊர்வலம் கொட்டும் வேட்டும் இல்லாமல் போகாது. அதை நாங்கள் யாரும் அன்று யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தத்தை யார் யோசிப்பார்கள்?

எட்டுப் பேரும் குனிந்தார்கள். "செட்" என்ற குரல் கேட்டது. எட்டு இடுப்புகள் உயர்ந்தன. மைதானம் அடங்கியது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் வேட்டு வெடித்தது.

அக்கா மட்டும் ஓடினாள்.

மற்ற ஏழு பேரும் அசையவில்லை. அவர்கள் வெளியூர்க்காரர்கள், துப்பாக்கியில் பழகியவர்கள். அவர்களுக்கு அது எங்கோ கேட்ட ஒரு சத்தம். அக்காவுக்கு அது வைகை மணலில் ஆண்டுக்கணக்காக அவளைக் கிளப்பிய சத்தம். தப்பாக ஓடியவர்களைத் திரும்ப அழைக்க ஒருமுறை சுடுவார்கள். அந்தத் துப்பாக்கி உடனே ஒலித்தது. ஆக, படிக்கட்டில் இருந்த எங்களுக்கு இரண்டு சத்தங்கள் கேட்டன. முதலாவது சாவு வீட்டு வேட்டு. இரண்டாவது அவளை வெளியே அனுப்பியது. ஒரு தடவை முந்தினாலே வெளியேற்றம் என்ற விதி அப்போதுதான் வந்திருந்தது. சிவப்பு அட்டையை அவள் முன்னால் தூக்கிக் காட்டினார்கள். வெளியே வேட்டுச் சத்தம் கேட்டதே என்று எங்கள் ஊர் ஆசிரியர் ஒருவர் போய்க் கேட்டிருக்கிறார். "எல்லாருக்கும்தான கேட்டுச்சு? மத்த புள்ளைக நிக்கலையா?" என்றார்களாம்.

திரும்பும்போது பேருந்தில் அம்மா அந்த ஊர்வலத்தைத் திட்டிக்கொண்டே வந்தாள். அக்கா, "செத்தவுங்களத் திட்டாதம்மா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எட்டுப் பேருக்கும் கேட்டுச்சுடா. ஏழு பேரு நின்னாளுக" என்றாள். அதற்குப் பிறகு அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவள் பேசியதில்லை. அந்தத் தீபாவளியிலிருந்து எங்கள் வாசல் கோலம் கலையவில்லை.

மேலும் இரண்டு ஆண்டுகள் ஓடினாள். ஆனால் அந்தத் தொடக்கம் போய்விட்டது. துப்பாக்கி ஒலித்த பிறகு, இது துப்பாக்கிதானா என்று அவளுடைய உடம்பு ஒருமுறை கேட்டுப் பார்த்துக்கொண்டுதான் எழுந்தது. அந்தக் கேள்விக்கு ஆகும் நேரத்தில் மற்றவர்கள் முன்னால் போனார்கள். இழந்ததைப் பின்பாதியில் பிடிக்க முயன்று தொடையின் பின்தசை கிழிந்தது. ஒரு பங்குனி மாதம் ஓடுகாலணிகளைக் கழுவிக் காயவைத்து, பீரோவின் மேல்தட்டில் வைத்தாள். படத்தைக் கிழிக்கவில்லை, பீரோவைச் சுவர்ப்பக்கம் நகர்த்தும்போது அது தானாகவே மறைந்துபோனது.

ஓடி முடித்த கரீபியன்காரிகள் பலர் தாங்கள் படித்த பள்ளிகளுக்கே திரும்பிப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று அந்தச் சமயம் ஒரு கட்டுரையில் படித்தேன். அக்காவிடம் சொன்னேன். "வேற சோலி தெரியாதுல்ல, வேற என்ன செய்வாளுக?" என்றாள். ஆனால் அடுத்த ஆனியில் பயிற்சியாளர் படிப்புக்குச் சேர்ந்தாள். சில ஆண்டுகள் ஒரு பள்ளியில் இருந்துவிட்டு, ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் சாலையில் உள்ள ஒரு கல்லூரியில் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். மாலையில் என் வேலை முடிந்ததும் நான் போய் அவளை ஸ்கூட்டரில் அழைத்து வருவேன். அதனால் அவள் பயிற்சி கொடுப்பதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது.

அவளுடைய முறை விசித்திரமானது. பிள்ளைகளைக் குனிய வைத்து "செட்" என்று சொல்லிவிட்டு, பின்னால் போய்த் தகர மூடியைத் தரையில் போடுவாள். காகிதப் பையை ஊதி உடைப்பாள். யாராவது ஒருத்தியைத் திடீரென்று கத்தச் சொல்வாள். எதற்கும் அசையக் கூடாது. இரண்டு மரக்கட்டைகளை அடிக்கும் சத்தம் ஒன்றுக்குத்தான் ஓட வேண்டும். அசைந்தவள் அன்று ஓட முடியாது. ஓரத்தில் உட்கார வேண்டும். பிள்ளைகள் அவளுக்கு 'செட் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளிடம் பயின்ற யாரும் எந்தப் போட்டியிலும் முந்திக்கொண்டு வெளியேறியதில்லை. அதேபோல் அவர்களில் யாரும் தொடக்கத்தில் முன்னால் போனதும் இல்லை. இதை நான் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அந்தப் பெண் வந்தது ஓர் ஆடி மாதத்தில். முதலாண்டு மாணவி. மேலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து பேருந்தில் வருவாள். ஓட ஆரம்பித்துவிட்டால் அவளைப் பிடிக்க அந்தக் கல்லூரியில் ஆள் இல்லை. முதல் நாள் அவள் ஓடியதைப் பார்த்துவிட்டு அக்கா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அப்படி அவள் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஆரம்பிப்பதுதான் சிக்கல். கட்டையை அடித்தாலும் துப்பாக்கி சுட்டாலும் மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் அவள் எழுந்தாள். தகர மூடிக்கும் காகிதப் பைக்கும் அசையாத ஒரே பெண் அவள்தான். ஓட வேண்டிய சத்தத்துக்கும் அசையவில்லை.

காது மந்தமோ என்று அக்கா பயந்து, மருத்துவரிடம் அழைத்துப் போனாள். காது நன்றாக இருக்கிறது என்று அவர் அனுப்பிவிட்டார். மறுநாள் மைதானத்து ஓரத்தில் விசாரணை நடந்தது. நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"காது நல்லாருக்குன்னுட்டாரு. அப்புறம் ஏண்டி பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்க?"

"கேக்குது மேடம்."

"கேட்டா?"

"கேட்டா அசையக் கூடாதுல்ல?"

"அசையாம இருக்கவா துப்பாக்கிய வச்சுச் சுடுறாங்க?"

அந்தப் பெண் தயங்கினாள். "எங்கப்பா வேட்டுப் போடுறவரு மேடம். திருவிழா, கல்யாணம், கேதம் எல்லாத்துக்கும். சின்னப்புள்ளையில இருந்து அவரு கூடப் போவேன். வெடிச்சுச்சுன்னா நின்ன எடத்துலயே நிக்கணும்பாரு. பயந்து ஓடுனா, அடுத்த வேட்டு எங்க கெடக்குன்னு தெரியாம அது மேலயே போயி விழுவம்ல?"

வீடு திரும்பும்போது, மாட்டுத்தாவணி நெரிசலில் ஸ்கூட்டர் நின்றிருந்தபோது, என் காதுக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

"எனக்கு வெடிச்சா ஓடுன்னு சொல்லிக் குடுத்தாங்க. அவளுக்கு வெடிச்சா நில்லுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. ரெண்டு பேருக்கும் வாத்தியாரு ஒரே வெடிதான்டா."

அதற்குப் பிறகு பல வாரங்கள் என்னென்னவோ செய்து பார்த்தாள். கட்டைச் சத்தம், கைத்தட்டல், விளக்கு, முதுகில் தொட்டுக் கிளப்புவது. தொட்டால் ஓடினாள். சத்தத்துக்கு ஓடவில்லை. புரட்டாசி பிறந்தது. மாநிலப் போட்டி ஐப்பசியில், எங்கள் ஊர் மைதானத்தில் என்று அறிவித்தார்கள். முதல் இரண்டு பேர் தேசியப் போட்டிக்கு.

ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெடியால் வந்ததை வெடியால்தான் மாற்ற வேண்டும்.

"மாத்திரலாம்டா" என்றாள் ஒரு நாள் சாப்பிடும்போது. "வெடிச்சா ஓடுற மாதிரி ஆக்கிரலாம். ஆனா அதுக்கப்புறம் அவ எந்த வெடிக்கும் ஓடுவா. என்னைய மாதிரி. அதே மைதானம், அதே சொவரு, அதே ரோடு. நானே ஒருத்தியக் கொண்டுபோய் அதே கோட்டுல நிறுத்தவா?"

தட்டில் சோறு அப்படியே இருந்தது. இரண்டு நாள் கழித்து, "அவ அப்பாவ வரச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொபெட்டில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். முன்கைகளில் ரோமம் கருகி, அங்கங்கே தோல் வெளுத்திருந்தது. அக்கா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"டீச்சர், எங்கண்ணனுக்கு வலது கையில ரெண்டு வெரல்தான் இருக்கு. அவரு வெடிச்சதும் ஓடுனவரு. அதப் பாத்துத்தான் இவள நில்லு நில்லுன்னு வளத்தேன். நில்லுன்னு சொன்னதாலதான் புள்ள முழுசா இருக்கு."

"உங்க எடத்துல அது சரிதாண்ணே. இங்க ஆகாது."

"ரெண்டு எடத்துக்கும் ரெண்டு விதமா இருந்துக்கிற மாட்டாளா?"

அக்கா அவருடைய கைகளைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். "மாட்டாண்ணே" என்றாள். "ஒடம்புக்கு எடம் தெரியாது. என் ஒடம்புக்கே தெரியல."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு யானைமலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இனிமே இவ வேட்டுப் போடுற பக்கமே வரக் கூடாது."

"நான் வராம உங்க கூட யாருப்பா நிப்பா?" என்றாள் அந்தப் பெண்.

"அது என் சோலி. நீ உன் சோலியப் பாரு." சொல்லிவிட்டு மொபெட் பெட்டியைத் திறந்தார். ஓலை வெடிகளைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு கண்மாய் இருக்கிறது. மழை வரும் வரை அது வறண்டு கிடக்கும். அங்கேதான் அந்தக் காலை முழுவதும் வெடித்தோம். அந்தப் பெண் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி அப்பா பற்ற வைத்தார். வெடித்தது. அவள் அசையவில்லை. சத்தம் யானைமலையில் மோதித் திரும்பி வந்தது, அதற்கும் அசையவில்லை. "ஓடு தாயி!" என்று அப்பா கத்தினார். அவள் திரும்பி அவர் முகத்தைத்தான் பார்த்தாள். சொல்வது அவர்தானா என்று பார்த்த மாதிரி இருந்தது. மறுபடி, மறுபடி. ஒவ்வொரு வெடிக்கும், ஓரத்தில் நின்றிருந்த அக்காவின் வலது கால் மட்டும் ஓரடி முன்னால் போய் வந்தது. எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தன! அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

வெயில் ஏறியது. மிச்சம் சில வெடிகள்தான் இருந்தன. அப்பா ஒன்றைப் பற்ற வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மகளுக்குப் பக்கத்தில் வந்து அவளைப் போலவே குனிந்து உட்கார்ந்தார். வெடித்ததும் அவரே ஓடினார். வாழ்நாளில் வெடிச் சத்தத்துக்கு ஓடாத மனிதர், கண்மாய்க் கட்டிகளில் கால் தடுக்க, கையை வீசிக்கொண்டு ஓடினார். அவரைப் பார்த்து அவளும் எழுந்து ஓடினாள். பார்க்க வந்திருந்த மற்றப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "மாமா பஸ்ட்டு! மாமா பஸ்ட்டு!" என்று ஒருத்தி கத்தினாள். அக்கா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவண்ணே" என்றாள். அவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கடைசி வெடிக்கு அவர் குனிந்தபடியே இருந்தார், மகள் தானாகவே ஓடிவிட்டாள்.

அந்தப் புரட்டாசியில் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் வந்தார். கண்மாயில் வெடித்து முடித்ததும் மைதானத்தில் துப்பாக்கி. ஐப்பசி பிறந்தபோது அந்தப் பெண்ணின் தொடக்கத்தைப் பார்த்து நான் ஸ்கூட்டரிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

போட்டி சனிக்கிழமை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் ஊரில் எங்கிட்டுப் பார்த்தாலும் வெடிச் சத்தம். காலையில் அக்கா தொடக்கம் சொல்லும் அதிகாரியிடம் போனாள். வெளியே ஏதாவது சத்தம் கேட்டால் யார் மேலும் குற்றம் சொல்லாமல் எல்லோரையும் எழுப்பி நிறுத்தலாம் என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பயிற்சியாளரான பிறகுதான் அவள் படித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாப்போம் மேடம், என் காதுல விழுந்தாச் செய்றேன்" என்றார். அக்கா திரும்பி என்னிடம் வந்தாள்.

"நீ உள்ள வர வேணாம். பின்னாடி ரோட்டுல நில்லு. பொண்ணுக பைனலு முடியுற வரைக்கும் யாரும் வெடிக்கக் கூடாது."

"நான் பாக்க வேணாமா?"

"நான் பாக்குறேன். நீ கேளு."

ஆக, நான் நாள் கிழமையெல்லாம் குறித்து வைத்திருந்த அந்தப் பந்தயத்தை நான் பார்க்கவில்லை. சுவருக்கு வெளியே, ஒரு டீக்கடைக்கு எதிரே நின்றேன். ஒலிபெருக்கியில் உள்ளே நடப்பது தெளிவாகக் கேட்டது. பெண்கள் நூறு மீட்டர் இறுதிக்கு அழைத்தார்கள். பெயர்களை வாசித்தார்கள். அப்போது தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது.

பூ அலங்கரித்த ரதம், முன்னால் கொட்டுக்காரர்கள், ஆடி வரும் இளவட்டங்கள், மஞ்சள் பையில் வேட்டுகளோடு ஓர் ஆள். நான் நடுச்சாலைக்கு ஓடிக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அண்ணே, அண்ணே, ஒரு நிமிஷம். உள்ள ஓட்டப்பந்தயம். இப்ப வெடிச்சீங்கன்னா ஒரு புள்ள தப்பா ஓடிரும். வெளிய அனுப்பிருவாங்க."

"யோவ், கேதத்த மறிக்கிறியா?" என்றார் பையோடு இருந்தவர்.

"மறிக்கலண்ணே. வேட்டு மட்டும் வேணாம். நீங்க போங்க."

"வேட்டு இல்லாம எங்க சித்தப்பாவ ஊமையா அனுப்பச் சொல்றியாக்கும்?"

"ஓட்டப்பந்தயமாம்ல மாப்ள" என்று நன்றாகக் குடித்திருந்த ஒருவர் என் தோளில் கை போட்டார். "எங்க சித்தப்பாவ யாரும் முந்த முடியாது தெரியும்ல? எல்லாருக்கும் முன்னாடி போய்ட்டாரு."

ரதத்துக்கு முன்னால், ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியைத் தூக்கி வந்தவர் நின்றார். இறந்தவரின் மகன் என்று தெரிந்தது. அழுது அழுது குரல் போயிருந்தது.

"எம்புட்டு நேரம்?"

"அதுக குனிஞ்சு எந்திரிக்கிற நேரந்தாண்ணே."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொட்ட நிறுத்துங்கப்பா" என்றார். "மயானத்து வாசல்ல அரிச்சந்திரன் கோயில்ல நிக்கிறதுதான? அத இங்கன நின்னதா வச்சுக்குவோம்."

கொட்டு நின்றது. ரதத்தின் எஞ்சினையும் அணைத்தார்கள். டீக்கடைக்காரர் தானாகவே வானொலியைக் குறைத்தார். அந்தச் சாலையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. சாமந்தி மாலையில் இருந்து இதழ்கள் விழுவதுகூடக் கேட்கும்போல் இருந்தது. சுவருக்கு உள்ளே "செட்" என்ற குரல். பிறகு துப்பாக்கி.

"ம், வெடிச்சிருச்சு. போகலாமா?" என்றார் பையோடு இருந்தவர்.

"இருங்கண்ணே. இன்னொண்ணு கேக்கக் கூடாது. கேட்டா யாரோ முந்திட்டாங்கன்னு அர்த்தம்."

அவர்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக, இன்னொரு சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று ஒரு சாவு ஊர்வலம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. என் தோளில் கை போட்டிருந்தவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது சத்தம் வரவில்லை. கூட்டத்தின் இரைச்சல்தான் சுவரைத் தாண்டி வந்தது.

"போங்கண்ணே" என்றேன். கொட்டு எழுந்தது. அடக்கி வைத்திருந்ததற்கெல்லாம் சேர்த்து வெடித்தார்கள். புகை கலைந்தபோது ஊர்வலம் வளைவில் திரும்பிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அக்கா சாலைக்கு வந்தாள். தரையில் கிடந்த பூக்களையும் வெடிக் காகிதத்தையும் பார்த்தாள்.

"ரெண்டாவது" என்றாள்.

"போறாளா?"

"போறா." அப்போதும் அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள எங்களுக்குக் கொட்டு கேட்டுச்சுடா. கிட்ட வந்து நின்னுருச்சு. எனக்குக் கண்ணே தெரியல. யாரு செத்தது?"

"கேக்கல."

"கேக்காமலா நிக்க வச்ச?"

டீக்கடைச் சுவரில் அன்றைய தேதியோடு அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. புகைப்படத்தில் வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதன் கீழே தெருவின் பெயர் இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நானும் அக்காவும் அந்தப் பெண்ணும் அந்தச் சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போனோம்.

பழைய ஊருக்குள் ஒரு சந்து. உறவுக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யார், எந்த ஊர் என்று கேட்டார்கள். சொல்லத் தெரியாமல் நின்றோம். முந்தைய நாள் கொள்ளிச்சட்டி தூக்கியவர் மொட்டைத் தலையோடு எழுந்து வந்து, "நேத்து ரோட்டுல நிறுத்துனவுங்க" என்று அவர்களிடம் சொல்லி உள்ளே அழைத்துப் போனார்.

இறந்தவரின் மனைவி பாயில் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குக் கேத வீட்டில் கட்டிப்பிடித்து அழத் தெரியாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தப் புள்ளத்தா ஓடுச்சு?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

அக்கா கை காட்டினாள். அந்த அம்மாள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுகளுக்கு அவசரமே ஆகாது. டீயக்கூட ஆற வச்சுத்தான் குடிப்பாக. கடைசியாவும் கொஞ்சம் நின்னுட்டுத்தான் போனாக" என்றார். பிறகு, "செயிச்சியா தாயி?" என்றார்.

"ரெண்டாவதும்மா."

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். சற்று நேரம் இருந்துவிட்டு நாங்கள் எழுந்தோம். கேத வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் வர வேண்டும். நானும் அக்காவும் பேசாமல் வாசலைப் பார்த்து நடந்தோம். பின்னால் வந்த அந்தப் பெண், நிலைப்படியில் திரும்பி, "போயிட்டு வாரேம்மா" என்றாள்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே இருந்த பெண்கள் "ஏ புள்ள!" என்று சீறினார்கள். அக்காவின் கை அவள் தோளுக்குப் போய்ப் பாதியில் நின்றது.

"விடுங்கடி" என்றது பாயில் இருந்து ஒரு குரல். "வரட்டும். அடுத்து ஓடிட்டு வந்து சொல்லட்டும்."